ஊர்த் தண்ணீரைப் பெரிய நிர்வாகத்திடம் ஒப்படைப்பது எப்படி: செட்டிநாட்டு ஊர்களுக்கான கையேடு

காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட பக்கத்து ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. இப்படி எல்லை மாறினால் அந்தந்த ஊரின் மேல்தொட்டி, போர் என்னும் ஆழ்துளைக் கிணறு, மோட்டார், தெருக்குழாய், கட்டவேண்டிய பாக்கி, வரவேண்டிய பாக்கி எல்லாமே புது நிர்வாகத்தின் பொறுப்பாகிவிடும். அரசாணை ஒரே நாளில் இதைச் செய்துவிடும். ஆனால் எந்த வால்வைத் திருகினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்பது தொட்டி ஆபரேட்டர் ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். தொட்டி நிற்கும் இடத்துக்குப் பத்திரம் இருக்காது. பாதியில் நிற்கும் வேலைக்கு யார் பில் கொடுப்பது என்று யாரும் எழுதிவைத்திருக்கமாட்டார்கள்.

ஊராட்சித் தலைவர், செயலர், வார்டு உறுப்பினர், கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவில் இருப்பவர்கள், ஒன்றியப் பொறியாளர் ஆகியோர் கையில் வைத்துக்கொண்டு வேலைசெய்ய இதை எழுதியிருக்கிறோம். ஊராட்சி மாநகராட்சியில் சேர்ந்தாலும் சரி, ஒற்றை ஊர்த் திட்டம், பல ஊருக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் சேர்ந்தாலும் சரி, செய்யவேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

நாடு முழுவதற்கும் ஒரே நாளில் இதைச் செய்தது அயர்லாந்து. அதுவரை அங்கே குடிநீரும் கழிவுநீரும் உள்ளாட்சி மன்றங்களின் வேலை. புதுக் குழாய், சுத்திகரிப்பு நிலையம் போன்ற முதலீடுகளையும் அரசு நிதியைக் கொண்டு அவையே செய்துவந்தன. 2013-ல் சட்டம் இயற்றி, 2014 ஜனவரி 1 முதல் ஐரிஷ் வாட்டர் என்ற ஒரே தேசிய நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள். இப்போது அதன் பெயர் இஷ்கா ஏரன். சுத்திகரித்த தண்ணீரில் கிட்டத்தட்ட பாதி கசிந்து போய்க்கொண்டிருந்த குழாய்கள்தான் அந்த நிறுவனத்தின் கைக்கு வந்தன. உள்ளாட்சி ஊழியர்களை அன்றைக்கே கைவிடாமல், மன்றங்களோடு 12 ஆண்டுச் சேவை ஒப்பந்தம் போட்டு அவர்களையே வைத்து வேலையை நடத்தியது நல்ல முடிவு. வீடுகளுக்குப் பில் போடுவதில் அவசரப்பட்டது கெட்ட முடிவு. 2014-லேயே மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2015-ல் பில் போகத் தொடங்கியது, 2016-ல் கட்டணத்தை நிறுத்திவைத்தார்கள், பிறகு கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் அப்படியொரு தேசிய நிறுவனம் கிடையாது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1971 முதல் குடிநீர் வடிகால் வாரியம் பெரிய திட்டங்களைக் கட்டி மொத்தமாகத் தண்ணீர் கொடுக்கிறது. தெருவிலும் வீட்டிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது உள்ளாட்சியின் வேலை. ஆகவே நம்மூரில் ஒப்படைப்பு என்பது சின்ன உள்ளாட்சியிலிருந்து பெரிய உள்ளாட்சிக்கு, அல்லது உள்ளூர் போரிலிருந்து திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்துவரும் கூட்டுக் குடிநீருக்கு.

கீழே வரும் எல்லா வேலைக்கும் காரணம் ஒன்றே. பெரிய நிர்வாகம் பணம் ஒதுக்குவது பதிவேட்டைப் பார்த்துத்தான். பதிவேட்டில் ஏறாத போருக்கு மோட்டார் வராது, ஏறாத குழாய்க்கு மாற்றுக் குழாய் வராது. ஒப்படைக்கும் நாளில் நீங்கள் எழுதித் தருவதுதான் அடுத்த பத்தாண்டு உங்கள் ஊருக்கு வரும் முதலீட்டின் அடிப்படை.

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

அரசாணை வரும்வரை காத்திருந்தால் நேரம் போதாது. எல்லை மாறப்போகிறது என்ற முன்மொழிவு வந்தவுடன் ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டு ஐந்து பேர் கொண்ட கணக்கெடுப்புக் குழு அமையுங்கள். செயலர், தொட்டி ஆபரேட்டர், ஒன்றிய ஓவர்சீயர் அல்லது உதவிப் பொறியாளர், ஊரில் பழைய குழாய் வேலை பார்த்த பிளம்பர், வார்டுகளின் சார்பில் ஒருவர். ஆபரேட்டர் இல்லாமல் எடுக்கும் கணக்கெடுப்பு வீண். அவருக்கு நாள் கூலி தனியாகக் கொடுக்கத் தீர்மானத்திலேயே வழிசெய்யுங்கள். அவர் வழக்கமான வேலையை விட்டுவிட்டு உங்களோடு ஊர் முழுக்க நடக்கவேண்டியிருக்கும்.

நிலம்தான் முதல் சிக்கல்

குழாயைவிட நிலத்துக்கு அதிக நாள் பிடிக்கும், அதனால் இதை முதலில் தொடங்குங்கள். ஒவ்வொரு தொட்டி, தரையடித் தொட்டி (சம்ப்), போர், பம்ப் அறைக்கும் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் எழுதி, நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டு நகலும், நில அளவைப் புலப்பட நகலும் வாங்குங்கள். பதிவேட்டில் அந்த இடம் எந்த வகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும்.

அரசுப் புறம்போக்காக இருந்தால் சுலபம். தாசில்தார் அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டைக் குறித்து வாங்கினால் போதும். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் கட்டடம் நிற்பதே பின்னால் பிரச்சினை ஆகலாம். அதை மறைக்காமல் பதிவேட்டிலேயே எழுதுங்கள். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை அனுமதி இருக்கிறதா, வாடகை நிர்ணயித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

செட்டிநாட்டில் அதிகமாக இடறுவது இன்னொன்று. ஊர் நன்மைக்கென்று ஒரு வீட்டார் வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் தொட்டி கட்டியிருப்பார்கள். கொடுத்தவர் காலமாகியிருப்பார். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். பங்காளிகள் சென்னை, மலேசியா, சிங்கப்பூர் என்று சிதறியிருப்பார்கள். இதற்குத் தானப் பத்திரம் பதிவதுதான் வழி. எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கவேண்டுமானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, அதை இங்கே முத்திரையிட வேண்டும். இதற்கே மூன்று மாதம் போய்விடும். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ கோயில் திருவிழாவுக்கோ பங்காளிகள் ஊரில் கூடும் நாள் எது என்று பார்த்து, பத்திரத்தை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருங்கள். நாலைந்து பங்குதாரர்களை ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போக அதைவிட நல்ல நாள் வாய்க்காது.

தானம் எழுதும்போது தொட்டி நிற்கும் அளவை மட்டும் எழுதாதீர்கள். பழைய தொட்டியை இடித்துப் புதிது கட்டப் பக்கத்தில் இடம் வேண்டும். லாரி நுழைய 3.5 மீட்டர் வழி வேண்டும். இரண்டும் பத்திரத்தில் இல்லாவிட்டால் நாளைக்குப் புதுத் தொட்டிக்கு ஒதுக்கிய பணம் இடமில்லை என்று திரும்பிப் போகும்.

தரையில் இருப்பதை எழுதுதல்

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். போருக்கு போ-1, போ-2, தொட்டிக்கு தொ-1, வால்வுக்கு வா-1 என்ற மாதிரி. அந்த எண்ணைப் பெயின்ட்டில் அதன்மேலேயே எழுதி, எண் தெரியும்படி போட்டோ எடுத்து, செல்போனில் இருப்பிடக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் ஒரு எண், தரையில் வேறு எண் என்றால் புதிதாக வரும் பொறியாளர் பதிவேட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

போருக்கு எழுத வேண்டியவை: போட்ட ஆண்டு, மொத்த ஆழம், கேசிங் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது, மோட்டாரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் காலம் பைப்பின் அளவு, கேபிள் அளவு, மோட்டார் எச்பி, ஸ்டேஜ் எண்ணிக்கை, கடைசியாக மோட்டாரைக் கழற்றிய மாதம், ஏன் கழற்றினார்கள். மினி பவர் பம்புகளையும் சின்டெக்ஸ் தொட்டிகளையும் விடாதீர்கள். சின்னது என்று அதிகம் விட்டுப்போவது அவைதான். ஆனால் ஊர்க்கோடித் தெருவுக்கு அவையே உயிர்.

குழாய்க்குப் பொருள், அளவு, நீளம், ஆழம், போட்ட ஆண்டு. பழைய ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) பைப், பிவிசி, எச்டிபிஇ, ஜிஐ என்று ஒரே தெருவில் நாலும் கலந்திருக்கும். ஆபரேட்டர் சொல்வதை முதலில் வரையுங்கள். பிறகு பொருள் மாறுவதாகச் சொல்லும் இடங்களில் இரண்டடிக்கு இரண்டடி சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். 500 மீட்டருக்கு ஒரு குழியாவது வேண்டும். வெளிச் சுற்றளவை டேப் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் பிவிசி, எச்டிபிஇ குழாயின் அளவு வந்துவிடும். சுற்றளவு 34.5 செ.மீ. என்றால் 110 மி.மீ. குழாய். 28.3 செ.மீ. என்றால் 90.

வால்வுக்குத் திருகு எண்ணிக்கை முக்கியம். 100 மி.மீ. கேட் வால்வு முழுதாக மூட ஏறத்தாழ 14 சுற்று பிடிக்கும். இஞ்ச் அளவை மூன்றால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் தோராயக் கணக்கு கிடைக்கும். 14 வரவேண்டிய இடத்தில் 9-லேயே நின்றால் அடியில் மணல் சேர்ந்திருக்கிறது, அல்லது வால்வின் திருகுதண்டான ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது. பலம் கொடுத்துத் திருகினால் ஸ்பிண்டில் உடைந்து தெரு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போகும். பாதி திறந்து பாதி மூடி நாலைந்து முறை ஆட்டி மணலைத் தள்ளிவிட்டுப் பிறகு மூடுங்கள். சில பழைய வால்வுகள் இடப்பக்கம் திருகினால் மூடும். அதையும் அட்டையில் எழுதுங்கள். தெரியாதவர் மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டால், மேட்டுத் தெருவுக்கு ஒரு வாரம் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

அளந்து பார்க்கவேண்டியவை

எண்ணிக்கையைவிட அளவுக்குத்தான் மதிப்பு அதிகம். போர் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது.

முதலில் போர். மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 60 விநாடி என்றால் நிமிடத்துக்கு 200 லிட்டர், மணிக்கு 12,000 லிட்டர். போட்ட உடனே அளந்தால் போருக்குள் தேங்கியிருந்த தண்ணீர் ஏமாற்றிவிடும். ஓடாதபோது நீர்மட்டம், ஓடும்போது நீர்மட்டம் இரண்டையும் குறியுங்கள். முடிந்தால் மே மாதம் ஒரு தடவையும் டிசம்பரில் ஒரு தடவையும். மழைக்குப் பிறகு எடுத்த அளவை மட்டும் கொடுத்தால் கோடைக்கான முதலீடு உங்களுக்கு வராது.

அடுத்து மோட்டார். கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் எடுத்து, மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். மூன்றில் ஒன்று மற்றதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மின்னழுத்தம் சமமில்லை, அல்லது மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) போகத் தொடங்கியிருக்கிறது. தகட்டைவிடக் குறைவாக இழுத்துத் தண்ணீரும் குறைந்திருந்தால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். பேனலில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் வேலைசெய்கிறதா என்று ஒரு ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். ஒரு ஃபேஸ் போய் மோட்டார் எரிவது நம் பக்கம் நித்தியத் தொல்லை.

தொட்டிக் கசிவுக்கு இரவு நிரப்பி, வெளிவால்வை மூடி, நீர்மட்டத்தைக் கம்பியால் அளந்து, 24 மணி கழித்து மறுபடி அளக்கவேண்டும். 4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் 126 லிட்டர் போயிருக்கிறது. ஒரு செ.மீ.க்கு மேல் இறங்கினால் பழுது என்றே எழுதுகிறோம். ஆனால் முதலில் வெளிவால்வு உண்மையிலேயே மூடுகிறதா என்று பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான். தூண்களையும் அடித்தட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். பொக்கென்று கேட்கும் இடத்தில் பூச்சு கம்பியை விட்டு விலகிவிட்டது. கம்பி வெளியே தெரிந்தால் எந்தத் தூண், எத்தனை செ.மீ. நீளம் என்று போட்டோவோடு பதியுங்கள். புதுத் தொட்டிக்குப் பணம் கேட்க அதுவே சாட்சி.

தெருக்குழாய்க் கசிவுக்கு எல்லோரும் தூங்கும் நேரம் வேண்டும். முன்னாளே தண்டோராவோ வாட்ஸ்அப்போ போட்டு வீட்டுக் குழாய்களை மூடச் சொல்லி, இரவு 2 மணியிலிருந்து 4 வரை வால்வைத் திறந்து தொட்டி மட்டத்தை அளங்கள். அதே 4 மீட்டர் தொட்டியில் 6 செ.மீ. இறங்கினால் இரண்டு மணியில் 754 லிட்டர், மணிக்கு 377. நாளுக்கு 4 மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் இது 1,500 லிட்டர். மாநகராட்சி வந்து 24 மணி நேர விநியோகமாக மாற்றினால் அதே ஓட்டை நாளுக்கு 9,000 லிட்டர் குடிக்கும். நேரத்தைக் கூட்டுமுன் குழாயை மாற்றவேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

கடைசி வீட்டுக் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் அடித்தட்டு இருக்கும் தொட்டி, யாரும் பிடிக்காத நேரத்தில் சதுர செ.மீ.க்கு 1.2 கிலோவாவது காட்டவேண்டும். எல்லோரும் பிடிக்கும்போது 0.7-க்குக் கீழே போனால் ஒற்றை மாடி வீட்டுக்கே சிரமம். 0.2-க்குப் போனால் குழாய் அளவு பத்தவில்லை, அல்லது வழியில் யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும் மோட்டார் இருக்கும் தெருவில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே ஏறும். அதைத் தகராறுக்குப் பயந்து பதிவேட்டில் விட்டுவிடாதீர்கள்.

தண்ணீரின் தரத்துக்கு வாரிய ஆய்வகச் சான்று வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 10500-இன்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5. கரைந்த உப்பு 500, வேறு வழியில்லாவிட்டால் 2,000. நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. குளோரின் கடைசிக் குழாயில் 0.2 மி.கி. நிற்கவேண்டும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 2 மி.கி. வீதம் 60 கிராம் குளோரின் தேவை. 33 சதவீதம் வீரியமுள்ள புது பிளீச்சிங் பவுடர் 182 கிராம். மூட்டை பிரித்து மாதமாகியிருந்தால் வீரியம் 25 சதவீதத்துக்கு இறங்கியிருக்கலாம், அப்போது 240 கிராம். அரைமணி நேரம் ஊறவிட்டுத் திறக்கவேண்டும்.

இரண்டு தெருவில் வாசல் உள்ள வீடுகள்

வேறு ஊர்க் கையேடுகளில் இது இருக்காது. இங்கே பெரிய வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெரு வரை ஓடுகின்றன. முகப்பில் ஓர் இணைப்பு, பின்கட்டு அடுப்படிக்குப் பின் தெருவிலிருந்து இன்னோர் இணைப்பு. வீட்டு வரி எண் ஒன்று, குடிநீர் எண் இரண்டு, சில இடங்களில் ஒன்றும் இல்லை. பங்கு பிரித்த பிறகு ஒரே வீட்டுக்கு நாலு வரி எண் வந்திருக்கும், குழாய் ஒன்றே இருக்கும். புது நிர்வாகத்தின் கணினி ஒரு வரி எண்ணுக்கு ஓர் இணைப்பு என்று எடுத்துக்கொண்டால் சிலருக்கு இரண்டு பில் போகும், சிலருக்கு இணைப்பே துண்டிக்கப்படும். தெருவாரியாக நடந்து, தெருக்குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் ஒவ்வொரு ஃபெரூலும் எந்த வரி எண்ணுக்கு என்று எழுதுங்கள். வைப்புத் தொகை கட்டிய ரசீது எண்ணையும் சேருங்கள். வைப்புத் தொகைப் பட்டியல் போகாவிட்டால் மக்களிடம் மறுபடி கேட்பார்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளை இணைப்பு இல்லை என்று எழுதுவது பெரிய தவறு. கல்யாணம், படைப்பு, குடமுழுக்கு என்றால் அந்த வீடுகள் ஒரே நாளில் திறக்கும். 60 வீட்டில் வீட்டுக்கு 15 பேர் வந்து இறங்கினால் ஆளுக்கு 55 லிட்டர் வீதம் கூடுதலாக 49,500 லிட்டர் வேண்டும். குடியிருப்போர் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குழாய் அளவு போட்டால் ஊர் நிறையும் நாளில் தண்ணீர் வராது.

பாதியில் நிற்கும் வேலையும் பணமும்

நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நிர்வாக அனுமதி எண், ஒப்பந்தத் தொகை, எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் அளவெடுத்த தேதி, கொடுத்த தொகை, கொடுக்கவேண்டிய தொகை, பிடித்துவைத்த தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய வாரம் பொறியாளரை அழைத்து, முடிந்தவரை அளவெடுத்து எம்-புக்கை மூடச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒப்பந்ததாரர் பழைய அலுவலகம், புது அலுவலகம் என்று அலைந்து வேலையை விட்டுவிடுவார், தோண்டிய பள்ளம் தெருவில் கிடக்கும். பிடித்துவைத்த தொகையைக் கட்டாயம் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். குழாய் ஆறாம் மாதம் உடைந்தால் ஒப்பந்ததாரரை வரவழைக்க அதுதான் பிடி.

கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலை வீட்டுவாரியாக அச்சிட்டுக் கையெழுத்திடுங்கள். மின்வாரியப் பாக்கி, குடிநீர் வாரியப் பாக்கி இரண்டுக்கும் அவர்களிடமிருந்தே எழுத்தில் நிலுவைச் சான்று வாங்குங்கள். மின் இணைப்பு எண் ஒவ்வொன்றிலும் ஒப்பந்த மின்பளுவைப் பாருங்கள். 5 எச்பிக்கு வாங்கிய இணைப்பில் 7.5 எச்பி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் பெயர் மாற்றும்போது பிடிபட்டு அபராதம் வரும். முன்னதாகவே மின்பளுவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலீட்டுப் பட்டியல்

மற்ற எல்லாம் இதற்காகத்தான். ஒரே தாளில் பத்து வரிக்கு மிகாமல் எழுதுங்கள். நாற்பது வரி எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் நாலு செய்தி வேண்டும்: எது, அது நின்றால் எத்தனை வீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் போகும், என்ன செய்யவேண்டும், நடப்பு ஆண்டு விலைவிகிதப் பட்டியல்படி எவ்வளவு. எடுத்துக்காட்டாக: "தொ-1-லிருந்து வா-6 வரை 100 மி.மீ. ஏசி குழாய் 640 மீட்டர். உடைந்தால் 210 வீட்டுக்கு இரண்டு நாள். 160 மி.மீ. எச்டிபிஇ-ஆக மாற்றவேண்டும்." கடைசியில் தொகையைப் போடுங்கள். இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

வரிசை எப்படி? பார்வைக்கு மோசமாக இருப்பதை முதலில் போடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். மாற்று இல்லாததை முதலில் போடுங்கள். ஒரே போரை நம்பியிருக்கும் ஊரில், விரிசல்விட்ட தொட்டியைவிட இரண்டாவது போர்தான் முதல் வரி. தொட்டி பழுதானால் நேரடியாகப் பம்ப் செய்து சமாளிக்கலாம், போர் வற்றினால் லாரிதான்.

இன்னொரு வரி கட்டாயம் இருக்கவேண்டும். ஊரகத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். 2,400 பேர் உள்ள ஊருக்கு முன்னது 1,32,000 லிட்டர், பின்னது 3,24,000. பழைய அளவுக்குப் போட்ட குழாயும் தொட்டியும் புதிய அளவைத் தாங்காது. வரி மட்டும் நகர விகிதத்துக்கு உயர்ந்து தண்ணீர் கிராம அளவிலேயே நிற்கும் நிலை வரக்கூடாது. இந்த வித்தியாசத்தைப் பட்டியலிலேயே எழுதி, ஊராட்சியின் கடைசித் தீர்மானத்தில் இணைத்துவிடுங்கள். இப்போதைய தேவைக்கே கசிவில் 15 சதவீதம் போகும் என்று வைத்தால் 1,55,000 லிட்டர் ஏற்றவேண்டும். மணிக்கு 12,000 லிட்டர் போர் அதற்கு 13 மணி நேரம் ஓடவேண்டும். மும்முனை மின்சாரம் அத்தனை மணி நேரம் வருகிறதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

ஊருணியை விட்டுவிடாதீர்கள்

ஊருணிக்கு மோட்டார் கிடையாது, பில் கிடையாது. அதனால் குடிநீர்ச் சொத்துப் பட்டியலில் அது வராமல் போகும். முற்றத்து மழைநீரும் தெரு நீரும் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போய் நிலத்தில் இறங்குவதால்தான் சுற்றுவட்டாரக் கிணறும் போரும் தாங்குகின்றன. ஊருணியின் சர்வே எண், படித்துறை, கரை, வரத்துக்கால் தொடங்கும் இடம், அடைபட்ட இடம், உபரி நீர் வெளியேறும் கலிங்கு எல்லாவற்றையும் தனிப் பக்கமாகச் சேருங்கள். வரத்துக்கால் மேல் தார்ச்சாலையோ பேவர் பிளாக்கோ போட்டால் ஊருணி வறண்டுவிடும். நகராட்சிச் சாலைத் திட்டம் வருமுன் அதன் வரைபடம் பொறியாளர் கையில் இருக்கவேண்டும். ஊருணி அறக்கட்டளை வசம் இருந்தால் பராமரிப்பு யாருடையது என்று எழுத்தில் ஓர் உடன்பாடு வாங்குங்கள்.

மாற்றும் நாளும் அடுத்த மூன்று மாதமும்

காலை 6 மணிக்கு இரு தரப்பும் சேர்ந்து எல்லா மின்மீட்டர், குடிநீர் மீட்டர் அளவையும் போட்டோ எடுத்துக் கையெழுத்திடவேண்டும். மதியம் எடுத்தால் அன்றைய ஓட்டம் யார் கணக்கு என்று தகராறு வரும். சாவிக்கொத்து, வால்வு திருகுக் கம்பி, பேனல் வரைபடம், லாக் புத்தகம் எல்லாம் ரசீது போட்டுக் கொடுங்கள்.

உதிரிப் பெட்டி ஒன்று ஊரிலேயே இருக்கட்டும்: அரை இஞ்ச் ஃபெரூல் 10, குழாயைச் சுற்றிப் பிடித்து இணைப்பு தரும் சேடில் 63 மி.மீ.க்கு 10, 90-க்கு 6, 110-க்கு 4, ஒவ்வொரு அளவிலும் கப்ளர் 4, ஓவர்லோடு ரிலே 1, கன்டாக்டர் காயில் 1, ஃப்யூஸ் ஒரு டஜன், சரிபார்த்த மாற்று மோட்டார் 1. பெரிய அலுவலகத்தின் கொள்முதல் முறை பழகும்வரை ஒரு சேடிலுக்காக மூன்று நாள் காத்திருக்க நேரும்.

ஆபரேட்டரை அதே சம்பளத்துக்குக் குறையாமல் குறைந்தது ஓராண்டு தொடர வைக்க எழுத்தில் கேளுங்கள். அவரோடு புது ஊழியர் ஒருவர் 90 நாள் கூடவே நடக்கவேண்டும். கட்டணத்தை உயர்த்தும் பேச்சு வந்தால், மீட்டர் மாட்டி ஓராண்டு அளவு எடுத்து, கடைசித் தெருவுக்கும் தண்ணீர் சீரான பிறகு என்று தீர்மானத்தில் எழுதுங்கள். அயர்லாந்தில் நடந்ததை எடுத்துச் சொல்லலாம்.

விட்டுப்போனவை கட்டாயம் சில இருக்கும். ஒப்படைப்புப் பத்திரத்திலேயே, 90 நாளுக்குள் தெரியவரும் சொத்துகளைத் துணைப் பட்டியலாகச் சேர்க்கலாம் என்று ஒரு பிரிவு போட்டுக்கொள்ளுங்கள். 85-ஆம் நாள் ஆபரேட்டரோடு ஊரை இன்னொரு முறை சுற்றிவந்து, பெயின்ட் எண் இல்லாத ஒவ்வொரு வால்வுக் குழியையும் அதில் ஏற்றி, 90-ஆம் நாளுக்குள் ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.